தோணிக்காரன் கோபாலனின் மிச்சக் கதை

அந்தப் பெண்ணுக்கு மூச்சு விடத் தெரியாது. வாசிப்பாள், வாசிப்பாள், வாசித்துக்கொண்டே இருப்பாள். கமா வந்தால் கொஞ்சம் நிற்பாள், முற்றுப்புள்ளி வந்தால் இன்னும் கொஞ்சம் நிற்பாள். புத்தகத்தைத் திறந்ததும் பதிப்பகத்தின் விலாசம், பின்கோடு, போன் நம்பர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டுத்தான் கதைக்கு வருவாள். நடுவில் பக்க எண் வந்தால் அதையும் கதையோடு சேர்த்துச் சொல்லிவிடுவாள்.

என் மகள் லேகா திருவனந்தபுரத்திலிருந்து வாங்கி வந்த வாசிப்பு மிஷினுக்குள் இருக்கிறாள் அவள். கையளவு பலகை, அவ்வளவுதான். ஒரு விரலால் தொட்டால் விரலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சொல்வாள். இரண்டு தட்டு தட்டினால் புத்தகம் திறக்கும். இரண்டு விரலை வைத்துக் கீழே இழுத்தால் வாசிக்கத் தொடங்குவாள். என் விரலைப் பிடித்து இதையெல்லாம் பழக்கிவிட்டு, "அம்மைக்கு நேரம் போவும்" என்றாள் லேகா.

நேரம் போகாமல் எங்கே இருந்துவிடப் போகிறது? ஆனால் வீட்டுக்காரர் போனபிறகு எனக்கு எதைப் பற்றியும் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

அழுகையும் வரவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் என்னைக் கட்டிப்பிடித்துக் குலுக்கிப் பார்த்தார்கள். "ஒரு சொட்டு விடல்ல, பாத்தியா" என்று அடுக்களையில் யாரோ சொன்னது கேட்டது. கண் போனவளுக்குக் காதும் போயிருக்கும் என்று ஆட்களுக்கு ஒரு நினைப்பு. பார்க்கத்தான் உதவவில்லை, அழுவதற்காவது இந்தக் கண் உதவியிருக்கலாம். சோறு வைத்தால் தின்றேன். சாயா தந்தால் குடித்தேன். சூடா ஆறினதா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரே ஒரு விஷயம் மட்டும் தெரிய வேண்டும் என்று இருந்தது. தோணிக்காரன் கோபாலன் என்ன ஆனான்?

என் வீட்டுக்காரர் வேலாயுதன் பாறசாலை டிப்போவில் கண்டக்டராக இருந்தவர். நான் மார்த்தாண்டம் பக்கத்துக்காரி. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டுக் காரக்கோணத்துக்குக் கட்டிக்கொண்டு வந்தேன். இங்கே மலையாளம் பேசப் பழகினேன், மலையாளத்தில் சண்டை போடவும் பழகினேன். எழுத்தை மட்டும் படிக்கவில்லை. வீம்புதான். களியக்காவிளையிலிருந்து அவர் தமிழ் வாரப் பத்திரிகை வாங்கி வந்து தரும்போது நான் எதற்கு மலையாளம் எழுத்துக்கூட்ட வேண்டும்?

கண்ணில் பிரஷர் ஏறிப் பார்வை முழுதாகப் போனபோது அவர் ரிட்டயர் ஆகியிருந்தார். ஊர்க் கிரந்தசாலையில், அதாவது எங்கள் ஊர் நூலகத்தில், போய் உறுப்பினராகச் சேர்ந்தார். அங்கே இருப்பது எல்லாம் மலையாளப் புத்தகம். மதியம் சோறு தின்றபிறகு கட்டிலில் உட்கார்ந்து, கண்ணால் மலையாளம் பார்த்து, வாயால் எனக்குத் தமிழில் சொல்லுவார். நிறுத்தித் தடுமாறியதே இல்லை. இந்தப் பக்கத்தில் எல்லாரும் நாள் முழுக்கச் செய்கிற வேலைதானே அது, மீன்காரியிடம் ஒரு பாஷை, மீனைப் பற்றி வீட்டில் குறை சொல்ல ஒரு பாஷை. நிறுத்த வேண்டிய இடம் வந்தால், "செரி, இண்ணைக்கு இங்ஙன எறங்கலாம்" என்பார். பஸ் புத்தி போகவில்லை.

கடைசியாக எடுத்து வந்தது ஒரு தோணிக்காரன் கதை. கோபாலன் என்று பெயர். ஆற்றில் ஆள் கடத்திவிட்டுப் பிழைக்கிறவன். அவனுக்குக் காய்ச்சல் வந்தது, இருமினால் ரத்தம் வந்தது, பாயோடு கிடந்தான். எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் அவர் வாசித்தபோது கோபாலன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நாளில் பெண்டாட்டியிடம் அவித்த கப்பைக்கிழங்கும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலும் கேட்டான்.

"இது நீங்க திங்கியதாக்கும்" என்றேன்.

"புஸ்தகத்துல அப்பிடித்தான் போட்டிருக்கு. நான் என்ன செய்ய?" என்றார்.

பிறகு கோபாலன் தோணியைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசினான். ஓட்டையை அடைத்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஊரையெல்லாம் அக்கரை சேர்த்தவன் கட்டினவளை ஒரு நாளும் தோணியில் ஏற்றியதில்லை, அவளைப் பூவாறு பொழிக்குக் கூட்டிப் போய் ஆறு கடலில் விழுவதைக் காட்டப் போகிறேன் என்றான். அந்த இடத்தில் அவர் புத்தகத்தை மூடினார்.

"இண்ணைக்கு இங்ஙன எறங்கலாம். பொழிக்கு நாளைக்குப் போவலாம்."

அந்த நாளைக்கு அவரை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போனோம். வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது என்று அங்கே வைத்துத்தான் நான் அறிந்தேன். என்னிடம் வாய்வு, கேஸ் என்று சொல்லியிருந்தார். லேகாவுக்கு மாசக்கணக்கில் தெரியும். "அம்மைக்கு வெசனம் குடுக்காண்டாம்னு அப்பாதான் சொன்னாவ" என்று அழுதாள். கண் தெரியாதவளுக்கு இதுவும் தெரிய வேண்டாம் என்று இருவரும் பேசி முடித்திருக்கிறார்கள். கோபம் வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை.

ஆகவே மிஷின் வந்ததும் அந்தப் புத்தகத்தைத்தான் போடச் சொன்னேன். லேகா தேடிப் பிடித்துப் போட்டு, மலையாளக் குரலையும் வைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

தள்ளித் தள்ளிக் கேட்டு, காய்ச்சல் வந்த இடத்தைப் பிடித்தேன். ரத்தம் வந்தது. பாயில் கிடந்தான். பெண்டாட்டி தண்ணீர் கோரப் போன நேரத்தில் கோபாலன் செத்துப் போனான். பின்கோடு சொன்ன அதே குரலில், அதே வேகத்தில் சொன்னாள். சொல்லிவிட்டுப் பக்க எண்ணும் சொன்னாள். அடுத்த அத்தியாயத்தில் பெண்டாட்டி தோணியை விற்றாள்.

பின்னால் தள்ளி மறுபடி கேட்டேன். செத்தான். இன்னொரு தடவை கேட்டேன். செத்தான். மிஷினுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். லேகாவைப் போனில் கூப்பிட்டேன்.

"நீ வேற புஸ்தகமாக்கும் போட்டிருக்க."

"அதேதான் அம்மா. பேரு பாத்துத்தான் போட்டேன்."

"கோபாலன் சாவல்ல. அவன் தோணிக்குத் தார் பூசினான். எனக்குத் தெரியாதா?"

"ஞாயிறாழ்ச்ச வாறேன்" என்றாள் அவள்.

கிரந்தசாலைப் புத்தகம் அவர் கட்டில் தலைமாட்டில்தான் இருந்தது. கிரந்தசாலை ராஜப்பன் அண்ணன் துக்கத்துக்கு வந்தபோதுகூட அதைத் திருப்பிக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை லேகா அதை எடுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாள் புரளும் சத்தம் கேட்டது. வாய்க்குள் வாசித்தாள்.

"இதுலயும் சாவுதான் அம்மா."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். அப்பா அடையாளத்துக்கு ஒரு தென்னை ஈர்க்கில் குச்சி வச்சிருக்காவ. அது கோபாலன் சாவுற பக்கத்துலதான் இருக்கு. அதுக்கப்புறம் யாரும் தொறந்தது மாதிரியே இல்ல."

"அவரு தாள் திருப்பினாரு மக்கா. நான் கேட்டேனே. தெனமும் கேட்டேன்."

அது பொய்யில்லை. எனக்கு மிச்சம் இருப்பது காதுதான். அவர் சொல்லுவார், நிறுத்துவார், எச்சில் தொடுவார், தாள் திரும்பும், மறுபடி சொல்லுவார். கப்பையும் காந்தாரியும் வந்த அன்று திரும்பியது, தார் பூசிய அன்றும் திரும்பியது.

"இங்க தா" என்று புத்தகத்தை வாங்கி மடியில் வைத்தேன்.

ஈர்க்கில் குச்சி இருந்த இடத்தை விரலால் பிரித்தேன். அதற்கு அந்தப் பக்கம் இருந்த தாள்கள் எல்லாம் விறைப்பாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. இந்தப் பக்கத்துத் தாள்கள் ஒரு தடவை திரும்பிய தாள்கள். நடுவில் ஒரே ஒரு தாள் மட்டும் பலமுறை துவைத்த வேட்டி மாதிரி மெத்தென்று இருந்தது. அதன் மூலை வளைந்து, ஓரம் பிசிறாகி, அடியில் தையலோடு ஒரு கீறலும் விட்டிருந்தது.

அந்த ஒரு தாளைத்தான் அங்கேயும் இங்கேயும் திருப்பிக்கொண்டு இருந்திருக்கிறார், என் காதுக்காக. கோபாலன் செத்த பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துக்கொண்டே, அவனை எழுப்பி உட்கார வைத்திருக்கிறார். தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவனுக்குக் கப்பை அவித்துக் கொடுத்திருக்கிறார்.

"கள்ளன்" என்றேன்.

"என்ன அம்மா?"

"ஒங்கப்பன் பெருங்கள்ளன். எனக்கிட்டயா வேலை காட்டியது?"

குரல் எங்கேயோ போய் உடைந்தது. முதலில் மூக்குதான் ஒழுகியது. கண்ணீர் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. துடைக்கத் தோன்றவில்லை, இவ்வளவு நாள் வராதது வரட்டும் என்று விட்டுவிட்டேன். கோபம் கோபமாக வந்தது. ஆறின சாயாவாக எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு இருந்தவளுக்கு நெஞ்சு எரிந்தது. லேகா என் தோளில் முகத்தை வைத்தாள். அவளும் அழுகிறாள் என்று ஈரத்தில் தெரிந்தது.

பக்கத்தில் கிடந்த மிஷினில் எங்கேயோ விரல் பட்டிருக்க வேண்டும், அந்தப் பெண் வாசிக்க ஆரம்பித்தாள். பெண்டாட்டி தோணி விற்கும் இடம். லேகா அதை எடுத்து நிறுத்தினாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா எங்க நிப்பாட்டினாவ?" என்று கேட்டாள்.

"பொழிக்குப் போவலாம்னு சொன்ன எடத்துல."

"மிச்சம்?"

மிச்சம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ராஜப்பன் அண்ணனிடம் கேட்டாலும் கிடைக்காது, மிஷினில் தேடினாலும் கிடைக்காது. அதைத் தெரிந்தவர் ஒருவர்தான், அவர் என்னிடம் நாளைக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் மூக்கைச் சிந்திவிட்டு நேராக உட்கார்ந்தேன். புத்தகத்தை மடியில் விரித்தேன். விரலில் எச்சில் தொட்டு அந்த மெத்தென்ற தாளைத் திருப்பினேன். கிழிந்துவிடாமல் மெதுவாகத்தான் திருப்ப வேண்டியிருந்தது.

"விடியக் காலத்த, ஆத்துல ஆள் வாறதுக்கு முன்ன, கோபாலன் தோணியை அவுத்தான்" என்றேன். "அவ ஏறப் பயந்து கரையில நின்னா. 'கையப் பிடி'ன்னான்."

"புஸ்தகத்துல அப்பிடியா போட்டிருக்கு?" என்றாள் லேகா.

"அப்பிடித்தான் போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டுத் தாளை மறுபடி இந்தப் பக்கம் திருப்பினேன்.