இல்மா எழுந்து போக வேண்டும்

எங்கள் ஊர்த் தியேட்டரில் பத்துப் பேராவது உட்கார்ந்திருந்தால்தான் படம் ஓடும். ஆள் குறைந்தால், படத்தில் இருப்பவர்கள் இறங்கி வந்து மிச்ச இருக்கைகளில் உட்கார வேண்டும். பெரிய நடிகர்களின் படங்களுக்கு இந்த விதி தேவைப்பட்டதே இல்லை. வெளிநாட்டுப் படங்களுக்கு எப்போதும் தேவைப்பட்டது.

அவை சின்ன அரங்கில் காலைக் காட்சியாக மட்டும் ஓடும். பெரும்பாலும் நான் ஒருத்திதான் போவேன். அதனால் நான் பார்த்த வெளிநாட்டுப் படங்கள் எல்லாவற்றிலும் ஆட்கள் குறைவு. கல்யாணத்தில் மாப்பிள்ளை இருக்கமாட்டார். கோர்ட்டில் காலிக் கூண்டுக்குத் தண்டனை கொடுப்பார்கள்.

அந்த வாரம் ஒரு பனி நாட்டுப் படம் வந்தது. மீன் கழுவும் வேலை செய்யும் இல்மா, கப்பலேறிப் போகும் மகனை வழியனுப்பத் துறைமுகத்துக்கு ஓடுவதுதான் கதை. ஆனால் இல்மா என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். திரையில் மகன் கூட்டத்துக்குள் அம்மாவைத் தேடினான். கப்பல் போய்விட்டது.

“ஒரு காட்சியில்கூட என்னால் போக முடிந்ததில்லை,” என்றார் இல்மா. அவர் பாஷை எனக்குத் தெரியாது. அவர் மடியில் சப்டைட்டிலாக ஓடிய தமிழ் எழுத்துகளைப் படித்துக்கொண்டேன்.

எனக்கு ரத்தம் கொதித்தது. நேராக மேனேஜர் இசக்கிராஜிடம் போனேன்.

“அண்ணாச்சி, பெத்த தாயை இங்க உக்கார வச்சிட்டு அங்க என்ன படம் ஓட்டுறீங்க?”

“கதை புரிஞ்சுதா, இல்லியா?”

“புரிஞ்சுது.”

“பெறகென்ன? ஆளு கூட்டிட்டு வாங்க. அந்தம்மா தாராளமா எந்திச்சுப் போகட்டும்.”

ஆள் தேடினேன். “அதுல பாட்டு உண்டா?” என்று கேட்டுவிட்டு அத்தான் போனை வைத்தார். ஆபீஸில், லீவு நாளில் படிக்கச் சொல்கிறேன் என்று சிரித்தார்கள். மறுநாள் காலை பெரிய அரங்குக்கே போனேன். அங்கே நிற்கவும் இடமில்லை. ஒவ்வொரு வரிசையாகக் கெஞ்சினேன்.

“மறைக்காதீங்கக்கா,” என்றார்கள்.

கத்திவிட்டேன். “இத்தனை பேர்ல ஒன்பது பேருக்கு மனசில்லையா?”

திரையில் அப்போதுதான் ஒரு சண்டை முடிந்திருந்தது. நாயகன் நடந்து போய்விட்டார். கீழே கிடந்த அடியாட்களில் ஒருவர் முழங்கையை ஊன்றி எழுந்தார்.

“மேடம், எங்களுக்கு அடுத்த அடி இடைவேளைக்கு அப்புறந்தான். நாங்க வரலாமா?”

ஒன்பது பேர் இறங்கினார்கள். சட்டையில் ஒட்டியிருந்த கண்ணாடித் தூளைத் தட்டிவிட்டு, சின்ன அரங்கில் வந்து அமைதியாக உட்கார்ந்தார்கள். இல்மா எழுந்தார். திரைக்குள் ஏறி, செதிள் ஒட்டிய கைகளோடு பனியில் ஓடினார். கப்பல் நகரும் முன் மகனிடம் போய்ச் சேர்ந்தார். அவன் முகத்தைத் தொட மட்டும் தயங்கினார், கையெல்லாம் மீன் வாடை. அவனே அந்தக் கையை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

என் பக்கத்திலிருந்த அடியாள் மூக்கைச் சிந்தினார்.

“எத்தனையோ படத்துல விழுந்திருக்கோம் மேடம். எங்களுக்கு அம்மா இருக்காங்களான்னு ஒரு படத்துலயும் காட்டல.”

பெரிய அரங்கில் இடைவேளை முடிந்து மணி அடித்தது. அடியாட்கள் ஒருவரும் எழவில்லை.

நான் மட்டும் போய் எட்டிப் பார்த்தேன். நாயகன் வெறும் காற்றை அடித்துக்கொண்டிருந்தார். காற்று பறந்து போய் லாரியில் மோதியது. விசில் சத்தம் கூரையைப் பிளந்தது.