அடுத்த கடையில் கேள்

மூலைக்கடைக்காரர் மூன்றாவது தடவையும் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். காரணம் மட்டும் சொல்லவில்லை.

ஜெராக்ஸ் கடைக்காரிக்குக் கோபம் வரவில்லை. வருத்தமும் வரவில்லை. போன மழைக்காலத்தில் கணவன் இறந்ததிலிருந்து எதுவும் அவளுக்குள் இறங்குவதில்லை. தார்ப்பாயில் விழுந்த தண்ணீர் மாதிரி மேலோடு வழிந்து போய்விடுகிறது. பசித்தால் சாப்பிட்டாள், விடிந்தால் கடையைத் திறந்தாள், மெஷின் சூடானால் அணைத்தாள். அவ்வளவுதான்.

ஆனால் இன்று சாயங்காலத்துக்குள் நகராட்சிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

விஷயம் இதுதான். புறவழிச்சாலை வந்த பிறகு கடைத்தெருவில் ஈ ஓட்டலாம் என்றால் ஈக்கும் பஞ்சம். இந்த நேரத்தில் நகராட்சி ஒரு யோசனை சொன்னது: ஊரின் பழங்கதை ஒன்றை நடந்துகொண்டே நடித்துக் காட்டுவது. ஊர் சனம் பின்னாலேயே வரும். கடை கடையாக நிற்கும். நின்ற இடத்தில் நாலு பேர் நாலு சாமான் வாங்காமலா போவார்கள்? ஒரே நிபந்தனைதான். தெருவில் ஒரு கடைகூட விடுபடக் கூடாது. விடுபட்டால் நிகழ்ச்சி புது காம்ப்ளக்ஸுக்குப் போய்விடும். போனால் முதலில் ஷட்டர் இறங்கப்போவது அவளுடைய கடைதான் என்பது தெருவுக்கே தெரியும்.

கதையும் ஊருக்கே தெரிந்த கதைதான். ஒற்றைச் செருப்புக்காரி. வெள்ளம் வந்த ராத்திரி ஒரு கால் செருப்பைப் பறிகொடுத்தவள், ஒவ்வொரு கடையாகக் கதவைத் தட்டிக் கேட்டாளாம். "இங்கே இல்லை, அடுத்த கடையில் கேள்" என்று எல்லோரும் ஒரே பதில் சொன்னார்களாம். இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். அதனால் ஒவ்வொரு கடைக்காரரும் வாசலில் ஒற்றைச் செருப்பு ஒன்றைத் தொங்கவிட வேண்டும். அவள் வந்து கேட்கும்போது அந்த ஒரு வசனத்தைச் சொல்ல வேண்டும்.

"ஊர்ல வேற கதையே கிடைக்கலையா அண்ணி?" என்று நாத்தனார் அன்றைக்கே கேட்டாள்.

"இருக்கிறது அதுதான்."

நாத்தனார் அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பை அங்கே கட்டினபடியே கிடந்தது. அதில் அவள் அண்ணனுடைய சட்டை, கண்ணாடி, இடது கால் செருப்பு. வலது செருப்பு வரவே இல்லை. நாத்தனார் நோட்டீஸ் அடிக்கப் பேப்பர் எடுத்துக் கொடுத்தாள்.

ஒற்றைச் செருப்புகளுக்குச் செருப்புக்கடை அண்ணன் இருந்தார். ஒரு சாக்கு நிறைய அள்ளிப் போட்டார்.

"ரேக்குல எப்பவும் ஒரு கால்தான் வெப்போம் தங்கச்சி. திருடுறவன் நொண்டிக்கிட்டே போகட்டும்னு! ஜோடிக் காலை உள்ளே எலி தின்னுடுச்சு. இத்தனை நாளா இதுகளுக்கு ஒரு வழி கிடைக்கலையேன்னு இருந்தேன்." சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "செருப்புக்காரி வேஷம் யாரு?"

"நான்தான். மத்தவங்களுக்குக் கூச்சமாம்."

"மூலைக்கடை?"

"மறுபடியும் அங்கதான் போறேன்."

"கஞ்சன்மா அவன். ஆணியை எண்ணிக் குடுக்கிறவன். ஓசியில ஒரு வசனம் பேசக்கூட மனசு வராது. அவன் கால்ல விழாதே, அங்கேயும் ஆணி கிடக்கும்."

அவள் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

மூலையில் தெரு வளைகிறது. பின்பக்கமாக வந்த லாரி அவள் கணவனை அடித்தது அந்த வளைவில்தான். அவள் அந்த இடத்தைத் தினமும் தாண்டுகிறாள். தாண்டும்போது கால் தயங்குவதில்லை. தயங்காததுதான் அவளுக்கே சில சமயம் விசித்திரமாக இருக்கும்.

ஹார்டுவேர் கடைக்குள் டர்பன்டைன் வாசம். மூலைக்கடைக்காரர் தராசில் கீல்களை நிறுத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கை நின்றது.

"அதான் வேணாம்னு சொல்லிட்டேனேம்மா."

"காரணம் கேக்க வந்தேன் அண்ணே. நகராட்சிக்கு எழுதணும்."

"என்ன எழுதுவே?"

"நீங்க சொல்றதைத்தான்."

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து நோட்டீஸை எடுத்தார். நாலாக மடித்து, மடிப்பு கிழியும் அளவுக்குப் பலமுறை பிரித்துப் படித்த நோட்டீஸ். அவள் அடித்ததுதான். மேலே கொட்டை எழுத்தில்: 'அவளுடைய இன்னொரு செருப்பு உங்கள் கடையிலா?'

"என்னை நேராவே கேட்டிருக்கலாமே தங்கச்சி" என்றார். "இதுக்குப் போய் ஊரையே கூட்டணுமா?"

"எதைக் கேக்கணும்?"

அவர் அவள் முகத்தையே பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. நடிப்பும் இல்லை. மெல்ல அவருடைய வாய் திறந்தது.

"அப்ப... உனக்குத் தெரியாதா?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பழைய பேப்பர் பொட்டலத்தை எடுத்தார். பொட்டலத்தை அவள் முன்னால் வைத்தார், பிரிக்கவில்லை.

அவள் பிரித்தாள்.

முதலில் தையல்தான் தெரிந்தது. அறுந்த வாரைப் புத்தகம் தைக்கிற வெள்ளை நூலால், புத்தகம் தைக்கிற மாதிரியே குறுக்கும் நெடுக்குமாகத் தைத்திருந்தது. அவள் தைத்தது. 'புதுசு வாங்கித் தொலையேன்' என்று திட்டிக்கொண்டே தைத்தது. அதற்கப்புறம்தான் செருப்பு தெரிந்தது.

"அவரை வேன்ல ஏத்திட்டுப் போயிட்டாங்க. இது மட்டும் என் வாசப்படியில கிடந்துச்சு" என்றார் அவர். "நாய் இழுத்துட்டுப் போயிடுமேன்னு எடுத்து வெச்சேன். நாளைக்குக் குடுத்துடலாம்னு பார்த்தேன். மறுநாள் உன் வீட்டுல எப்படி இதை நீட்டுறது? காரியம் முடியட்டும்னு விட்டேன். நாள் ஆக ஆக இந்தச் செருப்பு பெருசாயிக்கிட்டே போச்சும்மா. சின்னதா இருந்தப்பவே குடுத்திருக்கணும்."

அவள் தையல்மேல் விரலை ஓட்டினாள்.

"இதை மேல வெச்சுக்கிட்டு, நீ வாசல்ல நின்னு கேக்கும்போது, இங்க இல்லைன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? கதைக்குத்தான், வேஷத்துக்குத்தான். எனக்கு வாய் வராதே."

இப்போது ஏதாவது வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. இருட்டில் தீப்பெட்டி தேடுவது மாதிரி உள்ளே துழாவினாள். கைக்கு எதுவும் அகப்படவில்லை. செருப்பைக் கையில் எடுத்தாள். நினைத்ததைவிட இலேசாக இருந்தது. குதிகால் பக்கம் தேய்ந்திருந்தது. அவன் எப்போதும் அப்படித்தான் நடப்பான், ஒரு பக்கமாகச் சாய்ந்து.

பேப்பரைத் திரும்பச் சுற்றினாள். சாக்குக்குள் போடப் போனவள், நிறுத்தி, கைப்பையில் வைத்துக்கொண்டாள். சாக்கிலிருந்து சிவப்பு வார் போட்ட ஒற்றைச் செருப்பு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இதை வாசல்ல மாட்டுங்க. ஆணி உங்ககிட்டயே இருக்கும்."

அவர் தலையாட்டினார். கண்ணைத் துடைத்த கையோடு ஆணி தேடினார். எண்ணிப் பார்க்கவில்லை.

"கடை சேர்ந்ததுன்னு எழுதிடட்டுமா அண்ணே?"

"எழுதிக்கம்மா."

"ஒரு தடவை சொல்லிப் பார்த்துடலாம். எல்லாக் கடையிலயும் பார்த்தாச்சு."

அவள் படியிறங்கித் தெருவில் நின்றாள். லாரி வந்த இடம். திரும்பிக் கடையைப் பார்த்து, மற்ற கடைகளில் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"என் செருப்பு இங்க இருக்கா?"

மூலைக்கடைக்காரர் சிவப்புச் செருப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். உதடு இரண்டு தடவை அசைந்தது.

"இங்க இல்லைம்மா. அடுத்த கடையில கேளு."

அவள் கைப்பையைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க அண்ணே. கடைசியில நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்."