நூற்று இருபத்தெட்டு ராத்தல்

என் வீட்டுக்காரர் பொன்னுதுரைக்குக் கணக்கு வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. காஜா பேராங் ஊரில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் மனிதர், ஒரு பழைய காருக்கு இறக்கை கட்டிப் பறக்கவிடப் போகிறேன் என்று மூன்று வருடமாக ஒவ்வொரு ஆணியையும் நிறுத்து எழுதினார். பின் சீட்டைக் கழற்றினார், கதவுகளைக் கழற்றினார். இறக்கைக்கு நான் தைத்த துணியில் மடிப்பு அதிகம், எடை கூடுகிறது என்று இரண்டு முறை பிரிக்க வைத்தார். இரண்டாம் முறை கத்தரிக்கோலை அவர் காலடியில் வீசினேன்.

மெர்டேக்கா சுதந்திர தினத்துக்கு இன்னும் நான்கு நாள். உஜோங் பாசிர் திடலில் மறுநாள் விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல் போட்டுவிடுவார்கள். பறந்து பார்ப்பதென்றால் இந்தக் காலை மட்டும்தான். விடிந்ததும் வண்டியை லாரியில் கட்டி இழுத்துப் போய் இறக்கையைப் பூட்டினோம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடத் தட்டை எடுத்தேன்.

"வார்னிஷ் அடிச்ச துணி, ருக்கு! அங்கிட்டு தள்ளி நின்னு காட்டு!" என்று அலறினார். சாமிக்கு எட்டுமோ எட்டாதோ, பத்தடி தள்ளி நின்றே காட்டினேன்.

பட்டறைக் கூட்டாளி கருணாகரன், ரப்பர் கடையில் இரவல் வாங்கிய தராசோடு வந்திருந்தார். "எல்லாத்தையும் நிறுத்தாச்சு. நீங்களும் ஒரு தடவ ஏறுங்கண்ணே."

"நான்தான் எழுதி வச்சிருக்கேன்லா. நூத்தி இருபத்தெட்டு ராத்தல்."

"எப்ப நிறுத்தது?"

என் வீட்டுக்காரர் கணக்கு நோட்டைப் புரட்டினார். எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முந்தின மாதம், ஆஸ்பத்திரியில் நிறுத்தது. அதன் பிறகு ஐந்து வருடம் என் கையால் தோசையும் கறிக்குழம்பும் சாப்பிட்டிருக்கிறார்! ஏறி நின்றார். நூற்று அறுபத்து மூன்று.

"அலாமா," என்றார் கருணாகரன். "முப்பத்தஞ்சு கூடுதுண்ணே. தூக்காது. நான் உங்களவிட கனம்."

என் வீட்டுக்காரர் புல்லில் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நானே தராசில் ஏறினேன். நூற்று நான்கு.

மூன்று வருடமாக அவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு "முடுக்கு", "இழு", "விடு" என்று கத்தியபோதெல்லாம், உள்ளே உட்கார்ந்து இன்ஜினை முடுக்கியதும் இறக்கைக் கம்பியை இழுத்ததும் நான்தான். அது அவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

"பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு. எந்திரிங்க."

வளையலையும் கொலுசையும் கழற்றிக் கொடுத்தேன். அவர் கண் என் தாலிக்கொடியில் நின்றது. "அது இருக்கட்டும். கணக்குல சேத்துக்கிறேன்," என்றார்.

ஏறி உட்கார்ந்து முடுக்கினேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி குலுங்கிக் குலுங்கி ஓடியது. அவர் பக்கத்திலேயே ஓடி வந்து "இழு!" என்று கத்தினார். இழுத்தேன். குலுக்கல் நின்றது. சக்கரம் தரையை விட்டிருந்தது. கோல் கம்பத்தின் உயரம்கூட இல்லை. பத்து எண்ணுவதற்குள் தரை தட்டியது. ஆனாலும் பறந்தேன்.

மூச்சிரைக்க ஓடி வந்தார். தான் உட்கார வேண்டிய இடம் போயிற்றே என்று வருந்துவாரோ என நினைத்தேன். அழுதுகொண்டே சிரித்தார்.

"அடியில வெளிச்சம் தெரிஞ்சிச்சு ருக்கு! நாலு சக்கரத்துக்கும் அடியில! உள்ள உக்காந்திருந்தா இத நான் பாத்திருப்பேனா?"

"சரி, பசியாற வாங்க," என்று தூக்குச் சட்டியைத் திறந்தேன்.

தராசை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரெண்டு தோசை போதும்," என்றார்.

ஆறு வைத்தேன். இனிமேல் ஓட்டப் போவது நான்தானே.