மெல்லாமல் முழுங்கியது

கோகிலவாணியின் வீட்டு செப்டிக் டேங்க் மூன்று நாளாக முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நிரம்பினால் எந்த டேங்கும் அப்படித்தான். வீடு பள்ளத்தில், தெருக் குழாய் மேட்டில். கழிவை அரைத்து மேலேற்ற ஒரு சின்ன பம்பு வேண்டும். டேங்க் தெளிவாகப் பேசத் தொடங்குவதற்குள் வாங்கிவிட வேண்டும். அதுதான் அவள் கவலை.

கணவர் சிவகுருநாதனோடு கடைக்குப் போனாள். கையில் டேங்கிலிருந்து மொண்ட ஒரு வாளி, மூடியோடு. நடக்க நடக்கக் கடை நீண்டது. ஒண்டிப்புதூரில் நுழைந்தவர்கள் சூலூர் தாண்டித்தான் கவுன்ட்டரைப் பார்த்தார்கள்.

கடைக்காரர் ரங்கராஜ் கேட்டார்.

"அரையா, ஒண்ணா?"

"அரைக்கிறதுங்க."

"அரைக்கிறதுல அரை ஹெச்பியா, ஒரு ஹெச்பியா?"

"அரையே போதும்," என்றார் சிவகுருநாதன். "ரெண்டே பேருதான்."

ரங்கராஜ் ஒரு படிவத்தை நீட்டினார். வீட்டார் முழுங்குபவை: சோறு, மாத்திரை, சொல். கோகிலவாணி மூன்றையும் டிக் அடித்தாள்.

"சொல்லு மென்னு முழுங்குனதுங்களாக்கா, முழுசாவா?"

"மென்னுதான். முக்கால்வாசி."

"மென்னதுன்னா அரை ஹெச்பி கூழாக்கித் தள்ளிரும்."

வாளியில் பம்பை இறக்கினார். 'சரிங்க', 'போகட்டும்', 'உங்க இஷ்டம்' எல்லாம் ஒரே நிறக் கூழாக வெளியே வந்தன. பிறகு பம்பு உறுமி நின்றது.

ரங்கராஜ் கையுறை மாட்டிக்கொண்டு பிளேடில் சிக்கியதை உருவினார். ஒரு 'வேண்டாம்'. பல்லே படாதது.

"இருபத்தாறு வருசம் இருக்கும்," என்றார் மரியாதையோடு. "பொண்ணு பாக்க வந்தன்னிக்கு முழுங்குனது. இப்பெல்லாம் இந்தக் கனத்துல வர்றதில்லீங்க."

சிவகுருநாதன் கேரண்டி அட்டை படித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ஹெச்பி எடுத்தீங்கன்னா இதையும் அரைச்சிரும். என்னன்னு ஒருத்தருக்கும் தெரியாது. இல்லீன்னா நீங்களே வாயால சொல்லீட்டுப் போயிருங்க. அப்ப அரையே போதும்."

அவள் அதை வாங்கிப் பார்த்தாள். ஓர் எழுத்துகூடத் தேயவில்லை. இது தன்னுடையதுதானா என்றிருந்தது. அதிலிருந்த குரல் அவ்வளவு இளசு.

"வேண்டாம்," என்றாள்.

சிவகுருநாதன் நிமிர்ந்தார். "பம்பா?"

"பம்பு வேணுமுங்க."

ரங்கராஜ் அரை ஹெச்பியைப் பெட்டியில் வைத்துக் கயிறு கட்டத் தொடங்கினார்.

"பின்ன, வீடா?"

"வீடும் வேணுமுங்க."

சிவகுருநாதன் விரலை மடக்கி மடக்கிக் கேட்டார். கார், தென்னை மரம், சோபா, அவர் அக்கா கொடுத்த சுவர்க் கடிகாரம். எல்லாமே வேண்டும் என்றாள். கடைசியில் ஒரு கட்டைவிரல் மட்டும் மடங்காமல் நின்றது. அதைத் தன் பக்கம் திருப்பி, வெகுநேரம் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். எதையோ மெல்லாமல் முழுங்கினார்.

ரங்கராஜ் கயிற்றை அவிழ்த்துவிட்டு, ஒரு ஹெச்பியை எடுத்துவரப் போனார்.