வலது முழங்கைக்கும் கொஞ்சம்

1

இந்தக் கதை பாதியில் நின்றுபோன ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. வாக்கியம் என்னுடையது இல்லை. என் அண்ணி வேலை பார்க்கும் இடத்தில், அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்த ஒருவர் சொல்ல ஆரம்பித்தது. "அம்மா, ஒரு விஷயம், இந்த வலது கையில என்ன நடந்துச்சுன்னா..."

அவ்வளவுதான். அண்ணி தடுத்துவிட்டார். "எங்கிட்ட சொல்லாதீங்க. கடைசி ரூம்ல ஒரு அக்கா இருக்காங்க, எதுவா இருந்தாலும் அவங்ககிட்ட சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார். அவர் அந்த அறைக்குப் போனாரா, போய்ச் சொன்னாரா, தெரியாது. தெரிந்துகொள்ள அண்ணிக்கு அனுமதி இல்லை. எனக்கு அனுமதி தேவையில்லை. நான் கதை எழுதுகிறவள்.

அண்ணி என்ன வேலை பார்க்கிறார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தோல் நோய் ஆராய்ச்சிக் கூடம். அங்கே சொரியாசிஸுக்குப் புதிதாக ஒரு களிம்பைச் சோதிக்கிறார்கள். சொரியாசிஸ் என்றால், உடம்பைக் காக்க வேண்டிய காவலே தன் தோலைப் பகையாளி என்று நினைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்கும் நோய். தோல் அவசர அவசரமாக வளர்ந்து, சிவந்து, தடித்து, வெள்ளைச் செதிலாக உதிரும். தொற்றாது. ஆனாலும் பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே வரும்.

சோதனையில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் இரண்டு டியூப். ஒன்று இடது முழங்கைக்கு, மற்றது வலது முழங்கைக்கு. ஒன்றில் மருந்து கலந்த களிம்பு, மற்றதில் வெறும் களிம்பு. எதில் எது என்று தடவிக்கொள்கிறவருக்கும் சொல்ல மாட்டார்கள், பார்த்து மதிப்பெண் போடுகிறவருக்கும் சொல்ல மாட்டார்கள். மதிப்பெண் போடுகிறவர் என் அண்ணி. சிவப்பு எவ்வளவு, தடிப்பு எவ்வளவு, செதில் எவ்வளவு என்று ஒவ்வொரு கைக்கும் தனித்தனியே போட வேண்டும். வருகிறவர்களிடம் மழையைப் பற்றிப் பேசலாம், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசலாம். டியூபைப் பற்றி மட்டும் மூச்சு விடக்கூடாது.

வாயை மூடிக்கொண்டிருக்கச் சம்பளம் வாங்குகிறவர் என்று நான் கேலி செய்வேன். "நீ வாயைத் திறந்து என்ன சம்பாதிச்சே" என்பார். நாத்தனார் கொடுமை எங்கள் வீட்டில் இரண்டு பக்கமும் சமமாக நடக்கும்.

2

முதல் தொடக்கம்: "அவர் எழுந்து போன நாற்காலியில் வெள்ளைத் துகள்கள் மல்லிகை உதிர்ந்தாற்போல..."

கூடாது. நோயை அலங்காரம் செய்தால் நோயாளி அடிக்க வருவார், நியாயமும் அவர் பக்கம்தான் இருக்கும்.

இரண்டாம் தொடக்கம்: "பாவம், வாழ்நாள் முழுவதும் முழுக்கைச் சட்டைக்குள் தன்னை மறைத்துக்கொண்ட அந்த மனிதர்..."

இதுவும் கூடாது. பாவம் என்று தொடங்கிவிட்டால் கடைசிவரை அவர் பாவமாகவே இருந்தாக வேண்டும். என் மனதில் இருப்பவர் அப்படி இல்லை. வயிறாரச் சாப்பிடுகிறவர், சீட்டாட்டத்தில் தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர், மனைவி குறட்டை விடுவதை ஊரெல்லாம் சொல்கிறவர்.

மூன்றாம் தொடக்கம்: "அவர் கறுப்புக் கோட்டு தைக்கிற தையல்காரர்."

இது இருக்கட்டும்.

(அண்ணி அவருடைய தொழிலை என்னிடம் சொல்லவில்லை, கேட்டாலும் சொல்ல மாட்டார். வெள்ளையாக உதிரும் ஒருவருக்கு எந்தத் தொழில் துளியும் ஒத்துவராதோ அதைத் தேடிப்பிடித்துக் கொடுத்தேன். கதை எழுதுகிறவர்களுக்கு ஈவு இரக்கம் கிடையாது.)

3

வழக்கறிஞர்களுக்குக் கோட்டு தைக்கும் கடை. முன்பக்கம் கண்ணாடிக் கதவு, ஆளுயரக் கண்ணாடி, அளவெடுத்துத் துணி வெட்டும் மேசை. பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறை. தையல்காரர் முன் மேசையில் இருந்தவர். அந்தக் கடையில் துணியை நேராக வெட்டுகிற கை அவருடையதுதான். ஒருநாள் ஒரு வழக்கறிஞர் புதுக் கோட்டைப் போட்டுப் பார்த்தார், தோளில் கிடந்த வெள்ளையைத் தட்டிவிட்டார், தையல்காரரின் முழங்கையைப் பார்த்தார். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

முதலாளி நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் வழக்கப்படி சுற்றி வளைத்துத்தான் சொன்னார். "பின்னாடி ரூம்ல நல்லா குளுகுளுன்னு இருக்கு. நீங்க அங்கேயே உக்காந்து தைங்களேன்."

தையல்காரர் சோதனையில் சேர்ந்தது முன் மேசைக்குத் திரும்பிப் போகத்தான். உலகத்தில் வேறெதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

தன் முழங்கையைத் தன்னால் சரியாகப் பார்க்க முடியாது. எனவே களிம்பு தடவும் பொறுப்பு மனைவிக்கு வந்தது. இடது டியூப் இடதுக்கு, வலது டியூப் வலதுக்கு. சில வாரங்களில் இடது முழங்கை பச்சைப் பிள்ளையின் கன்னம் மாதிரி ஆகிவிட்டது. வலது பழையபடியே கிடந்தது. இன்னும் சில வாரம் போனதும் வலதும் தெளிந்தது. தையல்காரர் முதலில் சந்தோஷப்பட்டார், பிறகு சந்தேகப்பட்டார்.

"வலது கைக்கு என்ன தடவுற?"

"களிம்புதான்." மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் களிம்பு?"

"நல்ல களிம்பு. ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்புன்னு வைக்க எனக்கு மனசு வரல. ரெண்டும் உங்க கைதானே. வலதுக்கும் கொஞ்சம் தடவினேன்."

"அப்ப இன்னொரு டியூப் எப்படிக் காலியாச்சு?"

அவள் காலை நீட்டிக் காட்டினாள். பல வருஷத்துப் பித்தவெடிப்பு பாதி மறைந்திருந்தது.

"வீணாக்கக் கூடாதுல்ல."

சிரிக்கக்கூடாது என்று இருந்தவர் சிரித்துவிட்டார். பிறகு உட்கார்ந்து விளக்கினார். "இது அப்படி இல்லம்மா. ஒரு கை தேறணும், ஒரு கை தேறக்கூடாது. அப்பத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு அவங்களுக்குத் தெரியும். ரெண்டும் ஒண்ணா இருந்தா, மருந்தும் ஒண்ணுதான் வெறும் களிம்பும் ஒண்ணுதான்னு முடிவு கட்டிடுவாங்க."

"நல்லா இருக்கு நியாயம். உங்க வலது கை யாருக்காக அரிச்சுக்கிட்டு கெடக்கணும்?"

தையல்காரர் யோசித்தார். "யாருக்காகவோதான்."

அந்த வாரமே முதலாளி அவருடைய கைகளைப் பார்த்துவிட்டு, "ஒண்ணாந்தேதியிலேருந்து முன் மேசைக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டார். ஆனால் சோதனையில் ஒரு விதி இருக்கிறது: டியூபை மாற்றித் தடவியவர்களுக்கு அதற்கு மேல் டியூப் தர மாட்டார்கள். இருப்பதையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வந்து கையைக் காட்டிவிட்டுப் போகலாம், அவ்வளவுதான்.

4

இந்த மனைவி விஷயத்தில் எனக்கு என்மேலேயே ஒரு மனத்தாங்கல் உண்டு. கதைக்கு ஒரு தவறு தேவைப்பட்டது, உடனே ஒரு பெண்டாட்டியைக் கூப்பிட்டு அவள் தலையில் கட்டிவிட்டேன். நானும் ஒரு பெண், எனக்காவது புத்தி இருந்திருக்க வேண்டும்.

ஆகவே அவளை நீக்கிவிட்டு, தையல்காரரே மாற்றித் தடவிக்கொள்வதாக எழுதிப் பார்த்தேன். "அன்று மாலை அவர் கதவைச் சாத்திவிட்டு, இடது டியூபை எடுத்து, யாரும் பார்க்கவில்லை என்று..."

நகரவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. சொன்ன இடத்தில் சொன்னபடி வெட்டுகிறவர், விரலை மாற்றி வைக்கச் சொன்னாலும் வைக்க மாட்டார். அவரை அப்படியே வைத்துக்கொண்டு மனைவியைத் திரும்பக் கூப்பிட்டேன். வந்தாள், முன்பைவிட முறுக்கோடு வந்தாள்.*

* பித்தவெடிப்பு என் யோசனை இல்லை. காலை நீட்டியது அவளேதான்.

5

இப்போது தையல்காரர் ஆராய்ச்சிக் கூடத்துக்கு வந்திருக்கிறார். சட்டைக் கைகளைச் சுருட்டிவிட்டுக்கொண்டு அண்ணியின் எதிரே உட்கார்ந்தார், அண்ணி இரண்டு முழங்கையையும் பார்த்து முடித்தார், தையல்காரர் வாயைத் திறந்தார். மீதி உங்களுக்குத் தெரியும். வெளியே வந்து நடைகூடத்தில் நிற்கிறார். ஒரு பக்கம் தெருவுக்குப் போகும் வாசல், மறுபக்கம் கடைசி அறை.

முடிவு (அ). வாசல் பக்கம் போகிறார். ஒன்றாம் தேதி முன் மேசை, அரைக்கைச் சட்டை, துணியின்மேல் காலை வெயில். சோதனைக் கணக்கில் அவருடைய இரண்டு கையும் சரிசமம், மருந்துக்குப் பெருமை இல்லை. (ஒருவரால் ஓர் ஆராய்ச்சி கவிழாது. ஆனால் நல்ல மனசுக்காரி அவர் வீட்டில் மட்டுமா இருக்கப்போகிறாள்.) களிம்பைக் கிடப்பில் போட்டுவிடுகிறார்கள். அதற்காக யாரும் அழுவதில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரிவதில்லை.

முடிவு (ஆ). கடைசி அறைக்குப் போகிறார். அந்த அக்கா திட்டவில்லை. "வந்து சொன்னீங்களே, அதுவே பெரிசுங்க" என்று குறித்துக்கொண்டு மிச்ச டியூபை வாங்கி வைக்கிறார். ஆராய்ச்சிக்கு உண்மை கிடைக்கிறது. களிம்பு கடைக்கு வர வருஷங்கள் ஆகும். அதற்குள் செதில் திரும்புகிறது, கூடவே பின் அறையும் திரும்புகிறது.

முடிவு (இ). அவருடைய நேர்மையைக் கண்டு முதலாளி கண் கலங்கி, முன் மேசையை அவருக்கே...

வேண்டாம். எழுதும்போதே கூசியது.

மூன்றையும் திருத்திக்கொண்டிருந்ததில் ஒன்றைக் கவனித்தேன். (ஆ) மட்டும் நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டே போனது. ஜன்னல் இல்லாத பின் அறைக்கு ஒரு ஜன்னல் வைத்தேன். மனைவியைச் சமாதானப்படுத்தினேன். வீட்டுக்குத் திரும்பும் தையல்காரரின் முகத்தில் நிம்மதியைக் கொண்டுவந்தேன். அவருக்கு இவ்வளவு செய்ய எனக்கு ஏன் மனசு வந்தது என்று அப்போது யோசிக்கவில்லை.

6

கையெழுத்துப் பிரதியை அண்ணியிடம் கொடுத்தேன். நான் எழுதுவதை முதலில் படிப்பவர் அவர்தான். பித்தவெடிப்புவரை படித்து, சிரித்து, காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"இதுக்கு மேல நான் படிக்க மாட்டேன்."

"நல்லா இல்லையா அண்ணி?"

"நல்லா இருக்கு, அதான் வம்பு. அடுத்த தடவை அந்த மனுஷர் வந்து கையை நீட்டினா, உன் கதையில இருக்கிற பொண்டாட்டி குறுக்க வந்து நிப்பா. நான் முழங்கையைத்தான் பாக்கணும், அவளைப் பாக்கக் கூடாது."

"அத்தனையும் கற்பனைதானே."

"கண்ணுக்கு அது புரியாது. சோதனை முடியட்டும், அப்புறம் குடு." பிறகு கேட்டார், "முடிவு எழுதிட்டியா?"

"மூணு எழுதியிருக்கேன்."

"எதுன்னு எங்கிட்ட சொல்லாதே. உனக்குப் பிடிச்ச முடிவு ஒண்ணு இருக்குல்ல? அது ஏன் பிடிச்சிருக்குன்னு மட்டும் யோசி."

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. உங்களிடம் இதுவரை சொல்லாததை இப்போது சொல்கிறேன். அண்ணியின் கணவர், என் அண்ணன், மீசை முளைத்த வயதிலிருந்து சொரியாசிஸோடு இருப்பவர். முழங்கை, முழங்கால், தலை. உட்கார்ந்த இடத்தில் உதிர்ந்த செதிலைத் தட்டிவிட்டு எழுந்து, "கையெழுத்து போட்டாச்சு, போலாமா" என்பார். மனைவி அங்கே வேலை பார்ப்பதால் அவரைச் சோதனையில் சேர்க்க மாட்டார்கள். களிம்பு தேறி வெளியே வந்தால்தான் அவருக்கு. ஆக, தையல்காரர் கடைசி அறைக்குப் போய் உண்மையைச் சொன்னால் என் அண்ணனுக்கு நல்லது. நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டு, நான் உண்டாக்கிய ஒரு மனிதரை என் அண்ணனுக்காகப் பின் அறைக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வைத்தது அந்தக் குற்ற உணர்ச்சியில்தான்.

"இதுதான் வேணும்னு நெனக்கிறவங்க அளக்கக் கூடாது" என்றார் அண்ணி, என் முகத்தைப் பார்த்து.

"நீங்க மட்டும் நெனக்கலையா?"

"உன்னைவிட நூறு மடங்கு நெனக்கிறேன். ஒவ்வொருத்தர் கையை நீட்டுறப்பவும், கடவுளே, மருந்து போட்ட கை தேறியிருக்கணும்னு மனசு கெடந்து அடிச்சுக்குது. எது மருந்துக் கைன்னு தெரிஞ்சா நான் பொய் சொல்லிடுவேன். அதனாலதான் எனக்குத் தெரியாம வச்சிருக்காங்க." கவிழ்த்து வைத்த காகிதங்களை ஒழுங்காகத் தட்டி என் கையில் கொடுத்தார். "நல்லதுதான். தெரியாததால நிம்மதியா வேலை பாக்குறேன்."

எனக்கு அண்ணியைக் கட்டிப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை, அதனால் எழுந்துபோய் அவருக்குத் தேநீர் போட்டேன்.

7

மூன்று முடிவுகளையும் அடித்துவிட்டேன். நீங்கள் மேலே படித்தது அடித்ததற்கு அடியில் தெரிவது.

அண்ணன் படிக்கத் தடையில்லை, அவர் யாருக்கும் மதிப்பெண் போடுவதில்லை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தார்.

"அந்தத் தையல்காரர் வாசல் பக்கமே போகட்டும், விடு. முன் மேசை கிடைக்கட்டும்."

"அப்ப உனக்கு, அண்ணா?"

"எனக்கென்ன, நான் பழகினவன். அவர் ஒண்ணாந்தேதியை எண்ணிக்கிட்டு இருக்காரு." நாற்காலியைத் தட்டிவிட்டு எழுந்து போனார்.

முடிவு சொல்ல அண்ணனும் லாயக்கில்லை என்று தெரிந்துவிட்டது. நான் அண்ணனுக்காகத் தையல்காரரைத் தள்ளினால், அவர் தையல்காரருக்காகத் தன்னையே தள்ளிக்கொள்கிறார்.

முடிவை உங்களிடம் கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். உங்களுக்கு என் அண்ணனைத் தெரியாது, அதுதான் உங்கள் தகுதி. அதையும், வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாமல், முந்தைய பகுதியில் அண்ணனைப் பற்றிச் சொல்லிக் கெடுத்துவிட்டேன். இப்போது நீங்களும் யாருக்காவது ஆசைப்பட்டுக்கொண்டுதான் இருப்பீர்கள்.

ஆகவே ஓர் உதவி செய்யுங்கள். இந்தக் கதையை வேறு யாருக்காவது சொல்லுங்கள். தையல்காரர், மனைவி, இரண்டு டியூப், முன் மேசை, அவ்வளவும் சொல்லலாம். என் முடிவுகள் வேண்டாம். அண்ணனைப் பற்றி மூச்சு விட வேண்டாம். நடைகூடத்தில் நிறுத்திவிட்டு, எந்தப் பக்கம் போனார் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதுதான் முடிவு. உங்கள் முகம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் வந்து சொல்ல வேண்டாம், என்னால் முகத்தைக் காப்பாற்ற முடியாது. தையல்காரரிடம் சொல்லுங்கள். சுருட்டிவிட்ட சட்டைக் கைகளை இறக்கிவிடலாமா கூடாதா என்று தெரியாமல், அவர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறார்.