எல்லைக்கல்லில் விழுந்த அறை

கோடாலிக் காம்பு ஏஜிதியோவின் மண்டையில் விழுந்த சத்தம் ஒத்தாவியோவுக்கு வலது காதில் மட்டும்தான் கேட்டது. இடது காது ஒன்பது வயதிலேயே போய்விட்டது.

அது அவன் ஊரான மொந்தெர்னாவின் வழக்கம் செய்த கைங்கரியம். ஆண்டுக்கொரு முறை ஊரே எல்லையைச் சுற்றி நடக்கும். ஒவ்வொரு எல்லைக்கல்லிலும் ஒரு பையனை நிறுத்திக் கன்னத்தில் ஓங்கி அறைவார்கள். வலி மறக்காது, அதனால் இடமும் மறக்காதாம். எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ! ஓடைக்கு அந்தப் பக்கம் வல்புயாவிலும் இதே கூத்துதான். கல் தொலைந்தால் அறை வாங்கியவன் காட்டும் இடத்தில், இரண்டு ஊரும் பார்க்க, மறுபடி ஓர் அறை விழும். அப்புறம் அதுதான் எல்லை. யாரும் மூச்சுவிட முடியாது.

இந்த வசந்தத்தில் மலை சரிந்து, கஷ்கொட்டைத் தோப்புக் கல்லை விழுங்கிவிட்டது. இப்போது காய் உதிர்கிறது. அந்தக் காயை அரைத்த மாவு இல்லாவிட்டால் குளிர்காலத்தில் எந்த ஊருக்கும் ரொட்டி இல்லை. இரண்டு ஊரும் சாக்கோடு வந்தன, அரிவாளோடும் வந்தன.

வல்புயாவின் ஊர்த்தலைவன் ஏஜிதியோ முகமெல்லாம் ரத்தமாகச் சரிந்தான். மொந்தெர்னாக்காரன் ஒருவனுக்கு இரண்டு விரல் போனது. ஒத்தாவியோவின் அண்ணன் கஸ்பாரே இம்முறை கோடாலியின் வாய்ப்பக்கத்தைத் திருப்பி ஓங்கினான்.

ஒத்தாவியோ குறுக்கே பாய்ந்தான். "நிறுத்துங்கடா! அந்தக் கல்லுக்கு அறை வாங்கினவன் உசுரோடதான் இருக்கேன்!"

கைகள் தாழ்ந்தன. கஸ்பாரே இளித்தான். "சொல்லுடா தம்பி. ஓடைக்கரையிலதானே?"

ஆமாம் என்றால் தோப்பு மொந்தெர்னாவுக்கு. அண்ணன் பிள்ளைகள் வயிறு நிறையும். பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் ஒரு காதைக் கொடுத்து வாங்கிய உண்மை அது. அன்று அறைபட்டு விழுந்தபோது, பாறைப் பிளவுக்கு நடுவில் கோயில் மணிக்கூண்டு தெரிந்தது. அவன் மேட்டில் ஏறினான், ஏறினான், தோப்பையே தாண்டிவிட்டான். பிளவுக்குள் மணிக்கூண்டு வந்து உட்கார்ந்தது.

"இங்கதான்."

"இங்கயா? அப்போ மொத்தத் தோப்பும் அவனுங்களுக்கா? நீயெல்லாம் ஒரு கூடப்பொறந்தவனாடா!"

கஸ்பாரேயின் கை ஆத்திரத்தில் பறந்தது. வலது காதில் இடி இறங்கியதுபோல் இருந்தது. ஒத்தாவியோ மண்ணில் விழுந்தான். காதிலிருந்து சூடாக வழிந்தது.

அவன் தலையைத் தூக்கியபோது ஏஜிதியோ ரத்தப் பல்லோடு சிரித்துக்கொண்டிருந்தான். கஸ்பாரேயின் கையைக் காட்டினான், ஒத்தாவியோ கிடந்த இடத்தைக் காட்டினான். வல்புயாக்காரர்கள் ஓடிவந்து அங்கேயே முளை அடித்தார்கள். மொந்தெர்னாவில் ஒருவன்கூடத் தடுக்கவில்லை. எல்லோர் முன்னாலும் அறை விழுந்துவிட்டதே! சம்மட்டி ஏறி இறங்கியது, சத்தமே இல்லை.

கஸ்பாரே தன் உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு மண்டியிட்டுத் தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினான். அவன் வாய் என்னவோ கத்தியது.

"என்னண்ணே சொல்ற?" என்று கேட்டான் ஒத்தாவியோ. தான் கேட்டதுகூட அவனுக்குக் கேட்கவில்லை.