கிழியாத பை

ஹனீஃபா கம்பியைப் பாலத்துக்கடியில் விட்டு இழுத்தபோது முதலில் வந்தது ரோஜா நிறப் பை. சேறு அப்பியிருந்தாலும் ஸ்ரீரங்கனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஹனீஃபாவும் ஸ்ரீரங்கன் மகள் கல்யாணத்தில் சாப்பிட்டு, அதே பையில் தேங்காயும் வெற்றிலையும் வாங்கிப் போனவர்தான். எழுத்து இருந்த பக்கத்தைக் கவிழ்த்து மதில் ஓரத் திட்டில் வைத்துவிட்டு, மறுபடி கம்பியை விட்டார். இப்படியொரு மனிதர் பக்கத்து வீட்டில் அமைய ஸ்ரீரங்கன் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

'நித்யஸ்ரீ – ராகவேந்திரா' என்று அச்சடித்த தாம்பூலப் பை அது. விடாமல் பெய்த மழையில் அனகாபுத்தூரின் அந்தச் சந்து முழங்கால் தண்ணீரில் நின்றது. தெருமுனைச் சின்னப் பாலத்துக்கடியில் வடிகால் அடைத்துக்கொண்டதால், அடையாற்றுக்குப் போக வேண்டிய தண்ணீர் வாசற்படி ஏறப் பார்த்தது. ஸ்ரீரங்கனுக்குப் பயம் தண்ணீரை நினைத்து மட்டுமல்ல. மகள் நித்யஸ்ரீ ஆபீஸிலிருந்து திரும்பும் நேரம். விவாகரத்து ஆகி வந்தவள், இப்போதுதான் நாலு வார்த்தை சிரித்துப் பேசுகிறாள். அவள் வருவதற்குள் இந்தக் கண்றாவியை அள்ளி ஒழிக்க வேண்டும்.

"துணி மாதிரி சார், கிழியவே கிழியாது" என்று அன்று கடைக்காரன் தேனொழுகப் பேசினான். பள்ளிக்கூடத்தில் பிளாஸ்டிக் ஒழிப்பு ஊர்வலம் நடத்திய வாத்தியார் ஸ்ரீரங்கன். பிளாஸ்டிக் இழையைத் தடவிப் பார்த்துவிட்டுத் துணியென்றே நம்பி, பெருமையாக இரண்டு மடங்கு ஆர்டர் கொடுத்தார். மிஞ்சியது கட்டுக்கட்டாகப் பரண்மேல் கிடந்தது. மகள் பெட்டியோடு திரும்பி வந்த வாரம் அவர் மனைவி ஞானாம்பாள் அதை இறக்கினாள்.

"அவ கண்ணுல படக்கூடாதுங்க. தெனம் குப்பையைக் கட்டிப் போட்டே தீர்த்துடலாம்" என்றாள்.

தினமும் அதைத் தெருமுனைத் தொட்டிக்குத் தூக்கிப் போனவர் ஸ்ரீரங்கன்தான். தொட்டி நிரம்பியிருந்தால் பக்கத்தில் வைத்துவிட்டு, கைகழுவிக்கொண்டு நிம்மதியாக காபி குடிப்பார். மாடு முட்டித் தள்ளியதோ, நாய் இழுத்துப் போட்டதோ, எல்லாம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது, அதுவும் மகள் வரும் வழியிலேயே.

"உள்ளாற நல்லா அடைச்சிகினு கீது சார். கம்பி எட்டல" என்றார் ஹனீஃபா.

"என்னப்பா பண்றீங்க ரெண்டு பேரும்?"

பின்னால் நித்யஸ்ரீ, செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். ஸ்ரீரங்கன் பதறிப்போய் மதிலை மறைக்கப் பார்த்தார். கால் வழுக்கியதில், அங்கே சேர்ந்திருந்த பைகளில் ஒன்றை அவரே புரட்டிவிட்டார். அவள் குனிந்து எடுத்து, சேற்றைக் கட்டைவிரலால் தேய்த்தாள். ஹனீஃபா கம்பியின் நுனியை அக்கறையாக ஆராய ஆரம்பித்தார்.

"சாயம்கூடப் போகலையேப்பா" என்றாள்.

அழுதுவிடுவாள் என்று அவர் பையைப் பிடுங்கக் கை நீட்டினார். அவளோ பேன்டைச் சுருட்டிக்கொண்டு, அந்தப் பைக்குள்ளேயே கையை நுழைத்து, குனிந்து பாலத்துக்கடியில் தோள்வரை விட்டாள்.

"பாத்து பாத்து, கண்ணாடி இருக்கப் போவுது!" என்று ஹனீஃபா அலறினார்.

ஒரு மூட்டையாகப் பைகள் பிய்த்துக்கொண்டு வந்தன. தண்ணீர் களக்கென்று ஒரு மிடறு விழுங்கி, பிறகு நகர ஆரம்பித்தது.

"போவுது சார், போவுது!"

கூடவே ஒரு பையும் நழுவிப் போனது. பாலத்துக்கு அந்தப் பக்கம் காற்றடைத்து மேலே வந்து, இரண்டு பெயரும் தெரிய ஆற்றுப் பக்கம் மிதந்தது. ஸ்ரீரங்கனுக்கு ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது.

"விடும்மா. ஆத்தோட போயிடும்."

"ஆத்தோட போய், அப்புறம் எங்கப்பா போகும்?"

கேட்டபடியே அவள் வடிகால் ஓரமாகவே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். ஒரு கையில் அந்தப் பை இன்னும் மாட்டியிருந்தது. இன்னொரு கையை முன்னால் நீட்டியிருந்தாள். ஸ்ரீரங்கன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பின்னால் இறங்கினார். ரோஜா நிறம் வளைவு திரும்பிக்கொண்டிருந்தது.